பதறினால் சிதறும்

பெங்களூர் நகரத்பேட்டையில் தங்கம் நிறுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். கதவைச் சாத்தும்வரை எண்கள் நிலைகொள்ளாமல் ஓடும். சின்னப் பட்டறை என்றால் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்துவார்கள். அப்புறம் சில வினாடிகள் எல்லோரும் சும்மா இருப்பார்கள். ஆசாரி எண்ணைப் பார்ப்பார், வாடிக்கையாளர் ஆசாரியைப் பார்ப்பார். பத்தே நிமிடத்தில் மளிகை சாமான் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊர் இது. ஆனாலும் தராசு அடங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில வினாடிகளைப் பற்றி இங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. தட்டில் இருப்பது தங்கமாயிற்றே.

இதே பழைய பேட்டைப் பகுதியில் ஒரு காலத்தில் வேறொரு பொருளையும் அளந்தார்கள். தாரமண்டல்பேட்டை என்ற பெயரில் அந்தச் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாரமண்டலம் என்றால் நட்சத்திர மண்டலம். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து மைசூர் ராக்கெட்டுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பேட்டை அது. மூங்கில், காகிதக் குழாய்களுக்குப் பதிலாக இரும்புக் குழாயில் கருமருந்தைக் கெட்டித்ததுதான் மைசூர்க்காரர்களின் சாமர்த்தியம். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியது. ராக்கெட் அதிக தூரம் போயிற்று. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா 1985-ல் இதைப் பற்றி விரிவான ஆய்வறிக்கையே எழுதினார். 2018-ல் ஷிமோகா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது சுமார் ஆயிரம் ராக்கெட்டுகள் சேற்றோடு சேர்ந்து வந்தன.

அந்த ஆயிரம் என்ற எண்ணிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. மைசூர் ராக்கெட் குறி தவறாத ஆயுதமாக இருக்கவில்லை. ஒன்று இடப்பக்கம் போகும், ஒன்று வலப்பக்கம் போகும், ஒன்று திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் கூட்டமாக விட்டார்கள். துல்லியத்தில் விட்டதை எண்ணிக்கையில் பிடித்தார்கள். குதிரைப்படையை மிரளவைக்க அது போதும். ஒரே குண்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறக்க வேண்டிய துப்பாக்கிக்கு அது போதாது. அங்கேதான் அளவு என்ற தலைவலி ஆரம்பமாகிறது.

தமிழில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கிக்குக் கொடுப்பதும் மருந்து. நாட்டுத் துப்பாக்கிக்காரர் மருந்து கெட்டிப்பார். கோயில் வேட்டுக்காரரும் அப்படியே. இரண்டு மருந்துக்கும் ஒரே இலக்கணம். குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் ஆளைக் கொல்லும். அளக்கும் அலகிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நம் பொற்கொல்லர்கள் நெல், குன்றிமணி, மஞ்சாடி என்று நிறுத்தார்கள். ஆங்கிலேயர்களும் தானிய மணியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கிரெயின் என்ற எடைக்குத் தானியம் என்றே பொருள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்; ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். உலகம் முழுக்க ரைபிள் மருந்தை இன்றும் இந்த அலகில்தான் பேசுகிறார்கள்.

போர்க்களத்தில் எதிரி ஓடி வரும்போது யார் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்பது? பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிப்பாய்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மார்புக்குக் குறுக்கே ஒரு தோல்பட்டை, அதில் தொங்கும் மரக்குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சுடுதலுக்கான மருந்து. பெரும்பாலும் பன்னிரண்டு குப்பிகள் இருந்ததால் அவற்றுக்கு அப்போஸ்தலர்கள் என்று பட்டப்பெயரே உண்டு. முந்தின நாள் கூடாரத்தில் உட்கார்ந்து நிதானமாக அளந்து வைத்துக்கொள்வது, மறுநாள் களத்தில் அவசரமாகக் கவிழ்ப்பது. யோசனை எளிமையானது. அளக்கும் நேரத்தையும் அவசரப்படும் நேரத்தையும் பிரித்துவிட்டார்கள்.

பிறகு வந்த காகிதத் தோட்டா இதே யோசனையின் அடுத்த படி. மருந்தும் குண்டும் ஒரே பொட்டலத்தில் இருக்கும். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்துக் குழாயில் கொட்ட வேண்டியதுதான். அப்படிக் கடிக்க வேண்டிய பொட்டலத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாக 1857-ல் பரவிய சேதி என்ன செய்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொழுப்பைப் பற்றிப் பேசிய சரித்திரம், பொட்டலத்துக்குள் இருந்த அளவைப் பற்றி அதிகம் பேசவில்லை. என்ஃபீல்டு துப்பாக்கியின் ஒவ்வொரு தோட்டாவிலும் இரண்டரை டிராம் மருந்து, அதாவது சுமார் 68 கிரெயின், யாரோ முன்கூட்டியே அளந்து போட்டிருந்தார்கள்.

அந்த யாரோ யார்? சிப்பாயின் அவசரம் காணாமல் போய்விடவில்லை. தோட்டா சுற்றும் கூடத்துக்கு இடம் மாறியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிட்ஸ்பர்க் அருகே அலகெனி ஆயுதக் கிடங்கில் நாள் முழுக்கத் தோட்டா கட்டியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், சிறுமிகள். விரல்கள் சிறியவை, வேகமானவை, கூலியும் குறைவு. 1862 செப்டம்பர் 17 அன்று அங்கே நடந்த வெடிவிபத்தில் 78 பேர் இறந்தார்கள். சிந்திக் கிடந்த மருந்தில், குதிரை லாடத்திலிருந்தோ வண்டிச் சக்கரத்தின் இரும்பிலிருந்தோ பறந்த பொறி விழுந்திருக்கலாம் என்பது பொதுவான ஊகம். மரண விசாரணை ஜூரி அதிகாரிகளின் அலட்சியத்தைக் குறை சொன்னது. ராணுவ விசாரணை அவர்களை விடுவித்தது.

கருமருந்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 1884-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் அந்தப் பொறுமை போயிற்று. குறைந்த மருந்தில் அதிக விசை. அளவு பத்தில் ஒரு பங்கு கூடினால் குழாயின் அழுத்தம் அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். பிரிட்டிஷார் தங்கள் புகையில்லா மருந்தை நூல் நூலாக இழைத்து கார்டைட் என்று பெயர் வைத்தார்கள். குறித்த நீளத்தில் நறுக்கிய நூல்களைக் கத்தையாக்கித் தோட்டாவுக்குள் வைத்தால் அளவு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் பார்க்கும் அருவங்காடு நிலையம் அந்த மருந்தோடு சம்பந்தப்பட்டது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலைக்கு இன்றும் கார்டைட் ஃபாக்டரி என்றுதான் பெயர்.

தொழிற்சாலைகள் இத்தனை தூரம் கொண்டுவந்து விட்ட பிறகும், வீட்டு மேஜையில் தோட்டா கட்டும் ஒரு கூட்டம் உண்டு. நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தப் பொழுதுபோக்கு செழித்திருப்பது அமெரிக்காவில். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, புது மருந்தும் புதுக் குண்டும் போட்டு, தன் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டாவைத் தானே செய்துகொள்வார்கள். காசு மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். துல்லியம் என்ற பித்தில் போய் நிற்பார்கள்.

அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. மருந்தைக் கொள்ளளவால் அளப்பதா, எடையால் அளப்பதா? நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் படியா, தராசா?

படிக் கட்சி வேகமானது. கைப்பிடியை ஒரு தரம் ஏற்றி இறக்கினால் உருளையின் குழி நிரம்பித் தோட்டாக் கூட்டில் கொட்டும். ஓரிரு வினாடி வேலை. ஆனால் படியில் அரிசி அளந்தவர்களுக்கு அதன் சூட்சுமம் தெரியும். தலைதட்டி அளந்தால் ஒன்று, குவித்து அளந்தால் ஒன்று. உயரத்திலிருந்து கொட்டினால் ஒரு கணக்கு, படியை ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு கணக்கு. கடலைக்காரர்கள் இந்த வித்தையை வைத்தே பிழைத்திருக்கிறார்கள். மருந்தும் அப்படித்தான். உருண்டை மணிகளாக இருந்தால் தண்ணீர் மாதிரி இறங்கும். குட்டைக் குச்சிகளாக இருந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பாலம் கட்டிக்கொள்ளும். அடுத்த கூட்டில் இரண்டு பங்கும் சேர்ந்து விழும். கை ஒரே சீராக ஏறி இறங்கினால்தான் அளவும் சீராக வரும்.

தராசுக் கட்சிக்கு நிதானம் அதிகம். கொஞ்சம் குறைவாகக் கொட்டிக்கொண்டு, மிச்சத்தை மணிமணியாகத் தட்டிலே உதிர்ப்பார்கள். கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்பார்கள். அது ஓர் அரிசியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. சூடேறி நிலைக்க அதற்கு நேரம் வேண்டும்; காற்று பட்டால் பிசகும். நகரத்பேட்டை ஆசாரி விசிறியை நிறுத்துவது போல அங்கேயும் விசிறியை நிறுத்துகிறார்கள்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொன்னவர்கள் போட்டிக்காரர்கள்தான். நூறு, இருநூறு கெஜத்தில் மேஜைமேல் துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடுகிறவர்களில் பலர் கொள்ளளவு முறையிலேயே அளந்து, ஐந்து குண்டையும் ஒரே துளை போலத் தெரியும்படி இறக்குகிறார்கள். ஆயிரம் கெஜத்துக்குச் சுடுகிறவர்களோ ஒரே ஒரு மணி கூடக்குறைய இருந்தால்கூட மனம் ஆறுவதில்லை. குண்டின் வேகத்தில் நேரும் சிறு வித்தியாசம் நூறு கெஜத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் கெஜத்தில் இலக்கின் மேலும் கீழுமாகக் காட்டிக் கொடுத்துவிடும். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்விக்கு, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் பதில். அதற்குமேல் நிறுப்பது மனத் திருப்திக்கு.

ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு பயம் உண்டு. அது அரை மணி, கால் மணி எடையைப் பற்றியதல்ல. ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டுவிடும் மறதியைப் பற்றியது. சில மருந்துகள் கூட்டில் பாதிகூட நிரம்பாதவை. இரட்டை அளவு விழுந்தாலும் வெளியே வழியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி பிளக்கலாம், கையும் கண்ணும் போகலாம். அதனால் அனுபவசாலிகள் மேஜைக்குச் சில சட்டங்கள் வைத்திருக்கிறார்கள். மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். டிவி கூடாது, பேச்சு கூடாது. யாராவது கூப்பிட்டால் கையிலிருந்த கூட்டைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாகக் கூடுகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டம் பார்க்க வேண்டும். எவ்வளவு வேகமான கருவி வாங்கினாலும் அந்த டார்ச் வெளிச்சத்துக்கான நேரத்தை மட்டும் அவர்கள் குறைப்பதில்லை. காரணம் எளிது. அளப்பவரும் சுடுபவரும் ஒரே ஆள். பிசகினால் போகப்போவது அவருடைய கண்.

அளப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போதுதான் அவசரம் மலிவாகிறது. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் மருந்து நிரப்பும் வேலை பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. இத்தனை உருப்படிக்கு இத்தனை ரூபாய். அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை மருந்துதான் என்று விதிகள் உண்டு. தீபாவளி நெருங்க நெருங்க விதிகள் சுவரில் இருக்கும், கைகள் வேறு கணக்கில் ஓடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் வருடம் தவறாமல் செய்தி வருகிறது. மருந்து கலக்கும்போது, நிரப்பும்போது, உராய்வு என்று ஒரே வார்த்தையில் காரணம் எழுதப்படுகிறது. உராய்வை உண்டாக்கிய வேகம் எங்கிருந்து வந்தது என்பது செய்தியில் வருவதில்லை.

பெங்களூரும் இந்தக் கணக்கில் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று நகரின் எல்லையில், தமிழ்நாட்டுக்குப் போகும் சாலையில், அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை எரிந்தது. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். பதினான்குக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி சீசன் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்கள் மருந்தை அளந்தவர்கள் அல்ல, சுமந்தவர்கள். ஆனால் சீசனின் அவசரம் அவர்கள் தலையில்தான் இறங்கியது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. பதறாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் பழமொழி சொல்லவில்லை. நகரத்பேட்டையில் அந்த விலை தங்கத்தின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அமெரிக்க மேஜைக்காரர் ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வு நேரத்தைச் செலவழித்து அதைக் கொடுக்கிறார். பட்டாசு அறைக்கும் நல்ல தராசு வாங்கிக் கொடுத்துவிடலாம். அது பெரிய செலவில்லை. தராசு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு யார் கூலி கொடுப்பது?