தண்ணீர்த் தொட்டியடியில் கற்ற பாடம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் நெடுந்தீவு வரும். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனுடன் அங்கு போயிருந்தேன். இரண்டு வாரங்களுக்கு முன், கணிதப் பரீட்சைத் தாளை அவன் மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்ததைக் கண்டு பிரம்பால் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து, தலைமுடியைச் சரிசெய்ய நான் கையைத் தூக்கினாலும் அவன் ஒதுங்கினான். கேட்டால் "ஓம்", "இல்லை" என்பதோடு சரி. ஓரிடம் போய் வந்தால் மாறுவான் என்று எண்ணினேன்.

பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், பனைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகள், பெருக்கமரம், பழைய குதிரை லாயத்தின் தூண்கள் எல்லாம் பார்த்தோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கு குதிரைகள் வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்தவை இன்று கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. மழையில்லாத மாதங்களில் நீர்நிலைகள் வற்றிவிடும். தாகத்தால் குதிரைகள் செத்துப்போன ஆண்டுகளும் உண்டு.

வெளியோரம் ஒரு பெரியவர் வாளியால் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் நின்றன. என் மகன் அவற்றை நோக்கி ஓடினான். தாய்க்குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு விலகியது.

"தம்பி, நில்லும்! நேரே ஓடிப்போகக் கூடாது. நெற்றிக்கு நேர் முன்னாலையும் வாலுக்கு நேர் பின்னாலையும் நிக்கிறது அதுக்குத் தெரியாது" என்றார் பெரியவர்.

தொட்டி நிரம்பியதும் அவர் குதிரைகளைக் கூப்பிடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி நடந்துபோய் மதிலில் குந்தினார். நாங்களும் பக்கத்தில் இருந்தோம். கால் மணி நேரம் போயிருக்கும். தாய்க்குதிரை ஓரடி வைத்தது, நின்றது, பார்த்தது. பிறகு வந்து குடித்தது. குட்டியும் பின்னால் வந்தது.

"நாங்கள் பின்னுக்குப் போனால்தான் பிள்ளை, அது முன்னுக்கு வரும். ஒருக்கா வெருட்டினால் ஒரு மாதத்துக்குக் கிட்ட வராது" என்றார் அவர்.

எனக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது.

குதிரை, பிற மிருகங்களுக்கு இரையாகும் இனம். பயந்தால் ஓடுவதே அதன் இயல்பு. பயத்தோடு நிற்கும் குதிரை வேறெதையும் பழகாது. அதனால்தான் குதிரை பழக்குவோர், அது சொன்னதைச் செய்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்துவார்கள். அந்தத் தளர்வே அதற்குப் பாராட்டு. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத் தளபதி செனபோன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். நானோ பரீட்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோபத்தோடு, நேருக்கு நேராகப் பிள்ளையிடம் போயிருந்தேன். அவன் கற்றுக்கொண்டது கணிதத்தை அல்ல, ஒளிப்பதைத்தான்.

திரும்பும் படகில் நான் எதுவும் கேட்கவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்தேன். பாதி வழியில் அவனாகவே, "அம்மா, எனக்குப் பின்னக் கணக்கு விளங்கேல்லை. அதுதான் ஒளிச்சனான்" என்றான். "அடிச்சது அம்மாவின்ரை பிழை" என்றேன். அவன் கொஞ்சம் கிட்ட வந்து இருந்தான்.

தாய்மார்களே, பொறுமை என்றால் பிள்ளையை விட்டுவிடுவது அல்ல. எங்கள் வீட்டில் தினமும் அரை மணி நேரக் கணக்கு இன்றும் உண்டு. பிரம்புதான் இல்லை. விளங்காத கணக்கில் பத்து நிமிடம் கழிந்தால் எழுந்து ஓடி விளையாடவிட்டு, பிறகு தொடர்கிறோம். எனக்குக் கோபம் வந்தால் முற்றத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

அடுத்த தவணைப் பரீட்சையில் அவனுக்குக் கணிதத்தில் 48 புள்ளிகள்தான். ஆனால் அந்தத் தாளை நான் தேடி எடுக்கவில்லை. அவனே கொண்டுவந்து என் கையில் தந்தான்.