பானையில் பேர்

எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைத்த இந்தியச் சாடி ஒன்றின் உடைசலில் தமிழ்ப் பிராமியில் ‘பானை ஒறி’ என்று கீறியிருக்கிறது. ஒறி என்பது நம் உறிதான். கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்து என்று 2007இல் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னார். காலம் கிடக்கட்டும். பானை மேலேயே ‘பானை’ என்று எழுதுகிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பான் என்பதுதான் எனக்குத் தீராத யோசனை. ஒரு தடவை போதாதென்று எதிர்ப்பக்கமும் அதையே எழுதியிருக்கிறான்.

அண்டாவில் ‘அண்டா’ என்று யாராவது வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? என் ஊகம் இது: ஆடுகிற கப்பலில் தரையில் வைத்தால் உருண்டு உடையும், உறியில் தொங்கவிடுங்கள் என்று சுமை ஏற்றுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட ஒருவன், எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணில் படட்டும் என்று எழுதித் தொலைத்திருக்கிறான். பார்சல் பெட்டியின் நாலு பக்கமும் அம்புக்குறி ஒட்டுகிறவர்களுக்கு அவன்தான் மூதாதை. அம்புக்குறி ஒட்டிய பெட்டியும் தலைகீழாகத்தான் வந்து சேர்கிறது. அவன் சாடியும் உடைந்துதான் நமக்குக் கிடைத்தது.

மற்றவர்கள் சாதாரண மனிதர்கள். பேரை மட்டும் எழுதினார்கள். அதே துறைமுகத்தில் கணன், சாதன் என்று இருவர். ஓமானின் கோர் ரோரியில் ‘ணந்தை கீரன்’ என்று படிக்கப்பட்ட ஒரு துண்டு. தாய்லாந்தில் ஒரு பொற்கொல்லர் தன் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டி வைத்திருக்கிறார். என்னுடையது, கை வைக்காதே என்பதுதான் அதன் முழுப்பொருள். கீழடிக்கு வந்தால், 2019இல் வெளியான தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை 56 எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைக் கணக்குக் காட்டுகிறது. குவிரன், ஆதன் என்ற பேர்கள் அவற்றில் வருகின்றன. கரூர்ப் பக்கம் புகளூர் மலைக் கல்வெட்டில் ஒரு சேர அரசனும் ஆதன்தான். பாறையில் இருக்கிற ஆதனுக்கு மகனும் பேரனும் பட்டமும் உண்டு. பானையில் இருக்கிற ஆதனுக்குப் பானை மட்டும்தான். எனக்கு என்னவோ இரண்டாவது ஆதனிடம்தான் பிரியம்.

எங்கள் அப்பத்தாவின் பாத்திரங்களிலும் பேர் இருந்தது. மின்சாரப் பேனா ‘டர்ர்’ என்று எவர்சில்வரில் ஓடுகிற காலத்துக்கு முந்தைய பித்தளை அவை. பாத்திரக்கடை வாசலில் சாக்கை விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். எழுத்துக்கு இவ்வளவு பைசா என்று கணக்கு. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் புள்ளி வைத்த எழுத்து அரை எழுத்து என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். “புள்ளி வச்சது எப்பிடிய்யா முழு எழுத்தாகும்? அதுக்குப் பாதிக் காசுதான்” என்று நிற்பாள். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்ற தொல்காப்பியர் அவள் கட்சிதான். உளிக்காரர் இலக்கணம் பேச மாட்டார். பாதிக் காசை வாங்கிக்கொண்டு புள்ளியை விட்டுவிடுவார். தமிழ்ப் பிராமியிலும் பல இடங்களில் புள்ளி கிடையாது என்று படித்தபோது எனக்கு உளிக்காரர் ஞாபகம்தான் வந்தது.

அந்தப் பாத்திரங்களை வரிசையாக வைத்தால் அவள் வாழ்க்கையையே படித்துவிடலாம். சீராக வந்த குடத்திலும் தவலையிலும் அவள் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய கொப்பரையில் தாத்தாவுடையது. கடைசிக் காலத்துச் செம்பில் அவள் பேரே இல்லை, என் அப்பாவின் பேர்தான். யார் வீட்டில், யார் பொறுப்பில் இருந்தாள் என்பதைப் பாத்திரமே சொல்லிவிடும். இனிஷியல் இல்லாமல் அவள் பேர் மட்டும் வெட்டிய ஒரு கிண்ணம்கூட அந்த வீட்டில் கிடையாது. விசேஷ வீட்டுக்குப் போன பாத்திரங்கள் கலந்து திரும்பும்போது, கட்டைவிரலால் விளிம்பைத் தடவித் தன்னுடையதைப் பிரித்து எடுப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

இதனால்தான் பானையில் பேர் இருந்தால் பாமரரும் படித்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். ஒரு வீடு நிறையப் பேர் வெட்டிய பாத்திரம் வைத்திருந்தவள் கைநாட்டுதான். ஆனால் கீழடிச் சங்கதியில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அங்கே எழுத்துகள் பெரும்பாலும் சுட்ட பிறகு பானையின் தோளில் கீறியவை. கையெழுத்தும் ஆளுக்கு ஆள் வேறு. எல்லாவற்றையும் ஒரே குயவரோ ஒரே உளிக்காரரோ எழுதியிருந்தால் அப்படி இராது. ஆகவே ஆதன் தானே எழுதினான் என்று ஒப்புக்கொள்கிறேன். முழக்கத்தை மட்டும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பேர் எழுதினால் மட்டும் பொருள் தங்கிவிடுமா? இத்தாலியின் கூமேயில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குட்டி எண்ணெய்க் குப்பிக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்கக் குப்பி. தத்தாயே என்ற பெண்ணுக்குத் தான் சொந்தம் என்று அதுவே பேசுகிறது; தன்னைத் திருடுகிறவனுக்குக் கண் போய்விடும் என்றும் மிரட்டுகிறது. இந்த அம்மாளை நம் தெருவில் குடிவைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நம் கோயில் கல்வெட்டுகளும் தானத்துக்குக் கேடு செய்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றுதானே முடிகின்றன. கங்கைக்கரை நமக்குத் தூரம். தத்தாயேயின் சாபம் நேராகக் கண்ணுக்குப் போகிறது, கைக்காரிதான்.

ஆனால் ஆதனைக் காப்பாற்றியது சாபம் இல்லை. உடைந்த மண்பானையை விலைக்கு வாங்க ஆள் இல்லை என்பதுதான் அவனைக் காப்பாற்றியது. தூக்கிப் போட்டார்கள், கிடந்தது. பித்தளைக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு, அதனால் உருக்கிவிடுவார்கள். எவர்சில்வர் வந்தபோது எங்கள் வீட்டுக் குடமும் தவலையும் கொப்பரையும் எடைக்குப் போயின. அப்பத்தாவின் அப்பா பேர் என்ன என்று இன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் எழுத்து அந்தக் குடத்தில் இருந்தது.

பரணைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பாத்திரத்தைத் தராசில் வைக்குமுன் அதில் வெட்டியிருக்கும் பேர், ஊர், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி இல்லாவிட்டால் இல்லாதபடியே எழுதுங்கள். எழுதி எடுத்துக்கொண்டீர்கள் என்பதற்காகக் கடைக்காரர் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்க மாட்டார்.