வெந்நீரில் கால் வைத்தபடி

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, ஞாயிறு காலை. ஊற்றில் நீர் 70 டிகிரி. பக்கத்தில் ஓர் அம்மா வாளியில் முட்டை அவித்துக்கொண்டிருக்கிறார். நீர் ஆறி வரும் கீழ்த்தொட்டியில் என் கால்கள். பூமிக்குள் போகப்போகச் சூடு என்பது பள்ளிப் பாடம். குதிகால் சிவக்கும்போதுதான் புரிகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்தது.

*

அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையே சுடும். கூண்டில் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள். தங்கத்துக்காக வெட்டிய குழி, இயற்பியலின் ஆகப் பெரிய கேள்வி ஒன்றுக்கும் இடம் கொடுத்தது.

*

மின்காந்தம், வன்விசை, மென்விசை மூன்றும் ஒரே விசையின் முகங்கள் என்றால், புரோட்டானும் என்றாவது சிதைய வேண்டும். இயற்பியலாளர்கள் ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும், பிறகு ஜார்ஜியும் கிளாஷோவும் 1970களில் சொன்னது இது. ஆயுள்? 1-க்குப் பின் ஏறத்தாழ 31 சுழி போட்ட ஆண்டுகள். ஒரு புரோட்டானை அத்தனை காலம் காத்திருந்து பார்க்க முடியாது. ஆனால் 140 டன் இரும்பை அடுக்கிவைத்தால், அதிலுள்ள கோடானுகோடித் துகள்களில் ஆண்டுக்குச் சிலவாவது சிதைய வேண்டும்.

1980-இல் தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானியரும் அதைத்தான் செய்தார்கள். இரும்புத் தகடு, வாயுக் குழல், மறுபடி தகடு. ஏன் அவ்வளவு ஆழம்? இதோ, நீட்டிய என் உள்ளங்கை வழியே விண்கதிர்களால் வானில் பிறக்கும் மியூவான் துகள் விநாடிக்கு ஒன்றாவது பாய்கிறது. அந்த இரைச்சலைப் பாறைதான் வடிகட்ட வேண்டும்.

*

கோலார்க் கருவியில் பதிந்த சில தடங்கள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் நீருடன் 1996 முதல் பார்க்கிறது. இதுவரை ஒன்றும் இல்லை. ஆனாலும் இதற்கென்றே கருவி அமைத்து முதலில் தேடத் துணிந்தவர்கள் கோலார்க்காரர்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

*

அந்த மூன்று விசைகளின் கூட்டில் ஈர்ப்பு இன்னும் சேரவில்லை. 1986-இல் இயற்பியலாளர் ஃபிஷ்பாக், நியூட்டனின் ஈர்ப்போடு ஐந்தாவது விசை ஒன்றும் இருக்கலாம் என்றார். அன்றைய கோலார் மாவட்டத்தின் கௌரிபிதனூரில், நிலத்தடி அறையில் முறுக்குத் தராசைத் தொங்கவிட்டுத் தேடியது ராமநாத் கௌசிக் குழு. அப்படி ஒரு விசை அகப்படவில்லை.

*

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. கருவியின் கதை ஆய்விதழ்களில் இருக்கிறது. குழி வெட்டியவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. உங்கள் தாத்தாவோ மாமாவோ தங்கவயலில் வேலை பார்த்திருந்தால், எந்தச் சாஃப்டில், எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதி வையுங்கள்.