தவறினாலும் ஒரே இடத்தில்

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் போனால் கண்ணுக்கு மறைப்பு கிடையாது. சீமைக்கருவேலம் அடைக்காத இடமாகப் பார்த்து ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் போதும். அறுப்பு முடிந்த கரிசல் கிலோமீட்டர் கணக்கில் தட்டையாகக் கிடக்கும். தூரக் குறி சுடுகிறவர்கள் ஏங்குகிற நிலம். ஆனால் இந்தச் சீமையில் துப்பாக்கி என்றால் மூன்றுதான்: வங்கி வாசலில் ஓய்வு பெற்ற ராணுவத்தார் தோளில் தொங்குகிற ஒற்றைக்குழல், தேர்தல் வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிற லைசென்ஸ் துப்பாக்கி, பங்குனிப் பொங்கலுக்குக் கடை போட்டு பலூன் சுட வைக்கிற ஏர் கன்.

எங்கள் குடும்பத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் துப்பாக்கி வாங்கக் கிளம்பினார்கள். டெக்சாஸில் இருக்கிற சித்தப்பா மகனுக்கு ஆயிரம் கெஜத்தில் இரும்புத் தகடு அடிக்க வேண்டுமாம். இங்கே அருப்புக்கோட்டையில் தங்கச்சி மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் மாவட்டம், மாநிலம் என்று போக வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் என்னைத்தான் கேட்டார்கள், ராணுவத்தில் இருந்தவன் என்று. ராணுவத்தில் யாரும் ரைபிளைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது இவர்களுக்குத் தெரியாது. ஆயுதக் கிடங்கான கோத்தில் நீட்டுகிறதை வாங்கி, நம்பரைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் குரூப்பிங், பிறகுதான் ஜீரோயிங். ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு டார்கெட்டுக்கு ஓடினால், சுடப் பழக்குகிற உஸ்தாத் நடுப்புள்ளியைப் பார்க்கவே மாட்டார். ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்றுதான் பார்ப்பார். ஐந்தும் ஓரத்தில் ஒரே இடத்தில் கூடியிருந்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஒன்று நடுவில், மற்றது நான்கு திசையிலும் என்றால் திட்டுதான். ஒரே இடத்தில் தவறுகிறவனுக்கு சைட்டைத் திருகிச் சரி செய்துவிடலாம். சிதறுகிறவனுக்கு எதைத் திருகுவது?

பலூன் கடைக்காரருக்கும் இது தெரியும். அவர் கடையில் இருப்பது குழலை மடித்து ரவை போடுகிற துப்பாக்கிகள். நாள்பட்ட துப்பாக்கியில் குழல் மடிகிற மூட்டு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை மூடும்போதும் முடி அளவு வேறு இடத்தில் போய் உட்காரும். அதில் சிவப்பைக் குறி பார்த்தால் ஒருமுறை மஞ்சள் வெடிக்கும், மறுமுறை பின்னால் இருக்கிற தட்டிதான் சத்தம் போடும். பக்கத்தில் இன்னொன்று இருக்கும். முன்சைட் கோணிப்போய் நான்கு விரற்கடை இடதுபக்கமே அடிக்கும், ஆனால் எப்போதும் அதே நான்கு விரற்கடை. விவரம் தெரிந்த பையன்கள் வரிசையில் நின்றாவது அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். டெக்சாஸ் தம்பிக்கு நான் சொன்னதெல்லாம் இந்தக் கடையில் படித்ததுதான்.

அவன் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினான். பின்லாந்து டிக்கா, ஸ்பெயின் பெர்காரா, அமெரிக்க ரூகர். ஒரு காலத்தில் இந்த மாதிரி துல்லியம் வேண்டுமென்றால் ஃபேக்டரி ரைபிளை வாங்கித் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் பழைய குழலைக் கழற்றிக் கனத்த குழல் மாட்டி, கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் பசை வார்த்து ஆடாமல் உட்கார வைத்து, விசையை இழைத்துக் கொடுப்பார். காசும் ஆகும், மாதங்களும் ஆகும். கம்ப்யூட்டர் கடைசல் இயந்திரங்கள் வந்த பிறகு அந்த வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே செய்துவிடுகிறது. 2015-இல் ரூகர் தன் பிரிசிஷன் ரைபிளை நடுத்தர விலைக்கு இறக்கியதும் மற்ற கம்பெனிகளுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. இன்றைக்கு டிக்கா போன்ற ரைபிள்கள் 100 மீட்டரில் மூன்று தோட்டாக்களை ஒரு அங்குலச் சுற்றுக்குள் போடும் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. மூன்று தோட்டா என்பது கொஞ்சம் கெட்டிக்காரக் கணக்கு. மூன்று எதேச்சையாகக்கூட நெருங்கி விழும். பத்து சுட்டுப் பார்க்கச் சொன்னேன். குழல் சூடேறிய பிறகும் பத்தும் கூடி நின்றால் வாங்கலாம்.

அடுத்து எந்தத் தோட்டா என்ற வாக்குவாதம். பழைய .308 வின்செஸ்டரா, 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மூரா? ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். .308-இன் குண்டு அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். 100 கெஜத்துக்குச் சரி செய்த சைட்டை அப்படியே வைத்துச் சுட்டால் குறிக்குச் சுமார் 10 மீட்டர் கீழே மண்ணில் விழும். குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால் இரண்டரை மீட்டர் ஒதுங்கிப் போகும். கிரீட்மூர் குண்டு ஒல்லி, நீளம். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் இறக்கமும் ஒதுக்கமும் குறைவு. ஆனால் அதன் குழல் .308 குழலைவிடச் சீக்கிரம் தேயும். கற்றுக்கொள்கிறவன் நிறையச் சுட வேண்டியவன். .308 வாங்கு, மிச்சத்தைத் தோட்டாவுக்கும் ஸ்கோப்புக்கும் வை என்றேன். கேட்கவில்லை, கிரீட்மூரே வாங்கினான். அவன் காசு.

பிறகு ஒருநாள், "அண்ணே, மதியத்துல டார்கெட்டே தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி ஆடுது" என்று அங்கலாய்த்தான். கானல்தான். அதைப் பார்த்துப் பயப்படாதே, அதில்தான் காற்று எழுதியிருக்கிறது என்றேன். தூரம் சுடுகிறவர்கள் ஸ்கோப்பைக் குறிக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் வைத்துக் கானலைப் படிப்பார்கள். லேசான காற்றில் அலை சாய்ந்து ஓடும், சாய்கிற பக்கம்தான் காற்று போகிற பக்கம். காற்று வலுத்தால் தட்டையாகப் படுத்துப் பறக்கும். நேர் மேலே கொதிக்கிற மாதிரி எழுந்தால் காற்று இல்லை, அல்லது நேர் முகத்துக்கோ முதுகுக்கோ அடிக்கிறது. அனுபவசாலிகள் அந்த நேரத்தில் விசையைத் தொட யோசிப்பார்கள், அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் திருச்சுழிச் சாலையில் தார் மேல் ஓடுகிற கானலை நாம் காசில்லாமல் பார்க்கிறோம். அதைப் படிக்கத்தான் அங்கே ஆயிரக்கணக்கான டாலருக்குக் கண்ணாடி வாங்குகிறார்கள்.

அதே ஆசை இங்கே ஒருவருக்கு வந்தால் கதை வேறு. 1980-களின் நடுவிலிருந்து தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. பேர் வாங்கிய விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. கலெக்டர் ஆபீஸ் படியேறி லைசென்ஸ் வாங்கியவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் அரசு ஆலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். ராணுவத்தின் .303 தோட்டா உள்ளூர்க்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த அளவு அது. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பயத்தின் அளவைத்தான் நாம் இன்னும் தோளில் வைத்திருக்கிறோம். காட்டில் காவலுக்கு ஆகும், ஆயிரம் கெஜத்துக்கு ஆகாது. இத்தனைக்கும் பெங்களூரு எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் .338 லாபுவா மேக்னம் ஸ்னைப்பர் ரைபிள் செய்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறது. இங்கே செய்ய ஆள் இருக்கிறது, வாங்கச் சட்டம் இல்லை. அதைத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துக் கோபதாபம் எனக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு ரைபிள் இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

மக்காச்சோளம் போட்டவர்கள் மட்டும் இந்த நியாயத்தைக் கேட்க மாட்டார்கள். ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் புகுந்து அரைக் குறுக்கத்தை உழுதுபோட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளைச் சுடலாம் என்றது. சுட வேண்டியது வனத்துறை. விவசாயி போன் போட வேண்டும்.

தங்கச்சி மகள் விஷயத்தில் சட்டம் தொந்தரவு செய்யவில்லை. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் டார்கெட்டில் பத்து என்கிற புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். பேனா முனையால் வைத்த பொட்டு. அவள் தகப்பனாருக்கு அதைக் காட்டியதும், "இதுக்கா மச்சான் இத்தனை லட்சம்?" என்றார். ஸ்வப்னில் குசாலே கதையைச் சொன்னேன். கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலையில் 451.4 எடுத்து வெண்கலம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். மாப்பிள்ளை அசையவில்லை. 2022-இல் நடிகர் அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தாரே என்றதும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிராண்ட் பேச்சு உடனே ஆரம்பித்தது. வால்தரா, ஃபெயின்வெர்க்பாவா, அன்ஷூட்ஸா? மூன்றும் ஜெர்மன். மூன்றையும் கிடுக்கியில் கட்டிச் சுட்டால் பத்து ரவையும் ஒரே ஓட்டை வழியாகப் போகும். அதற்கு மேல் துல்லியத்தை வைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. பிள்ளையின் கழுத்து நீளம், தோள், கைகளுக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் வேலை. நம் ஊர்த் தறிகாரர் மிதியடியைத் தன் காலுக்குத் தக்கபடி கட்டிக்கொள்வது மாதிரி, கன்னம் வைக்கிற கட்டையையும் தோளில் முட்டுகிற தட்டையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்றி இறக்க வேண்டும். அவளை ரைபிளைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னோம். மூச்சை விட்டுக் கண்ணைத் திறந்தபோது குழல் குறிக்குக் கீழே தொங்கியது. கன்னக்கட்டையையும் தோள்தட்டையும் கொஞ்சம் மாற்றி வைத்தோம். மறுபடி மூடித் திறந்தாள். "மாமா, நான் ஒண்ணுமே செய்யல, தானா நிக்குது" என்றாள். அதுதான் வேண்டும். கை வைத்துத் தள்ளிப் பிடிக்கிற குறி அறுபது ஷாட் வரைக்கும் நிற்காது.

ரவையிலும் வம்பு உண்டு. ஒரே கம்பெனி, ஒரே டப்பா நிறம், ஆனால் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று ஒட்டியிருக்கும். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. ரைபிளைக் கிடுக்கியில் இறுக்கி ஒவ்வொன்றிலும் பத்து சுட்டு ஓட்டையை அளக்க வேண்டும். 50 மீட்டர் ஆட்கள் ஐரோப்பாவில் தோட்டா ஆலைக்கே ரைபிளைத் தூக்கிக்கொண்டு போய், எந்த நாள் வார்ப்பு தன் குழலில் கூடி விழுகிறது என்று பார்த்து மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.

கடைக்காரர்கள் சொல்லாத சங்கதி காற்று. வீசுகிற காற்று அல்ல, சிலிண்டரில் அடைக்கிற காற்று. 200 பார் வேண்டும். நம் பஞ்சர் கடை கம்ப்ரசர் 10 பாரைத் தாண்டாது. மதுரைக்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் கைப்பம்பு. அதை அடிக்க மாப்பிள்ளை மாதிரி உடம்பு வேண்டும். அவரே கடைசி ஐம்பது பாருக்கு நுனிக்காலில் நின்று முழுப் பாரத்தையும் இறக்குகிறார்.

கடைசியில் ஒரு பழைய வால்தர் கிடைத்தது. படிப்புக்காக விளையாட்டை நிறுத்திய பெண்ணுடையது. கட்டையில் கீறல்கள், குழல் நல்ல குழல், 4.50-இல் பத்தும் ஒரே ஓட்டை. ஆனால் சிலிண்டரைத் திருப்பி அடியில் பொறித்திருந்த தேதியைப் பார்த்தேன். அந்தச் சிலிண்டருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள், கெடு தாண்டியதைப் போட்டியில் எடுத்துப்போக முடியாது. இதற்கு ஒரு வருஷம்கூட மிச்சமில்லை. அதைச் சொல்லி மாப்பிள்ளை பேரம் பேசினார், பருத்தி கமிஷன் மண்டியில் பேசிய வாய். புதுச் சிலிண்டர் விலையையும், அதற்கு மேல் நாலாயிரத்தையும் குறைத்துவிட்டுத்தான் எழுந்தார். நாலாயிரத்துக்கு அங்கேயே ரவை வாங்கிவிடச் சொன்னேன், ஒரே லாட் நம்பராகப் பார்த்து.