மலைநாட்டுப் பாதையில் ஒரு துள்ளும் துணைவன்

நாயுடன் பிரயாணஞ் செய்வது மலைநாட்டிற்குப் புதிய சங்கதியன்று. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்க் கூட்டமொன்றையே கப்பலேற்றிக் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டங்கள் தோன்றாத அக்காலத்தில் அவை காடெங்கும் மரைகளைத் துரத்தித் திரிந்தன. அந்நாய்கள் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றிக்கும் பலியான கதைகளை அவர் எழுதிய வேட்டை நூலே கூறும். இன்று காடு சுருங்கிவிட்டது. ஆபத்து மட்டும் நீங்கவில்லை.

இதனை மனத்திற்கொண்டே, பத்து மாதமே நிரம்பிய நமது நாட்டு நாய் ‘மணி’யை ஹட்டனிலிருந்து நுவரெலியாவிற்கு அழைத்துச் செல்ல ஆயத்தஞ் செய்தோம். மணியோ ஓரிடத்தில் நிற்பதைப் பாவமெனக் கருதும் பிறவி. காற்றில் ஓர் இலை அசைந்தாலும் போய் விசாரித்துவிட்டு வரவேண்டும் அதற்கு. இத்தகைய இளநாயை அடித்து அடக்குதல் அறிவீனம். அதன் துடிப்பை நல்வழியில் திருப்பிவிடுவதே முறை.

விசர்நோய்த் தடுப்பூசி முதலிற் போடப்பட்டது. பின்னர் ஒரு மாதகாலப் பயிற்சி. நாளொன்றுக்கு மும்முறை, முறைக்கு ஐந்து நிமிடம்; அதற்குமேல் இளநாயின் கவனம் நில்லாது. முப்பதடிக் கயிற்றில் உலாவவிட்டு, பெயர் சொல்லி, ‘வா’ என ஒரேயொரு தரம் அழைப்போம். வந்தால் அவித்த ஈரல் துண்டொன்றும் முதுகில் ஒரு தட்டும் கிடைக்கும். வராவிடில் கயிற்றை மெல்ல இழுத்து வரச்செய்வோம். பிந்தி வந்தாலும் ஏசுவதில்லை. வந்தபின் ஏச்சுக் கேட்ட நாய், மறுமுறை வராதிருக்கவே கற்றுக்கொள்ளும். பிள்ளை வளர்ப்போரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

பாதை முழுதும் வளைவுகளாதலால், வாந்திக்கு அஞ்சி, புறப்படுமுன் மணிக்கு உணவு கொடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தோம். கொட்டகலையைக் கடந்து, 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் டெவோன் நீர்வீழ்ச்சியைக் காண வண்டியை நிறுத்தினோம். கதவு திறந்த பின்னும், உத்தரவு கிடைக்கும்வரை மணி குதித்தோடாமல் இருக்கவேண்டும்; அதுவே அன்றைய பாடம். அடுத்து சென் கிளயர் நீர்வீழ்ச்சியிலும் அதே பாடம். அங்கே மணியின் வால் மட்டும் அடங்க மறுத்தது, அதனை மன்னித்தோம்.

தலவாக்கலைக்கு அப்பால், உறவினர் வாழும் தோட்டமொன்றில் இரவு தங்கினோம். விடிந்ததும் மூடுபனியினூடே பெண்கள் கொழுந்தெடுக்க மலையேறிக்கொண்டிருந்தனர். லயத்துக்குக் கீழேயுள்ள வெளியில் மணியின் கால்விரலிடுக்கில் ஒட்டியிருந்த அட்டைகளை அகற்றிவிட்டு, கயிற்றை அவிழ்த்தோம். அவ்வேளை தேயிலைச் செடியடியிலிருந்து முயலொன்று பாய்ந்து காட்டோரத்தை நோக்கி ஓடிற்று. மணி அம்பெனப் பின்தொடர்ந்தது.

“மணி, வா!”

ஒரே தரம் அழைத்தோம். மணி நின்றது. முயல் போன திசையைப் பார்த்தது, நம்மைப் பார்த்தது, பின்பு திரும்பி ஓடிவந்து ஈரலுக்கு வாய் திறந்தது.

மேலே நின்ற மூதாட்டி ஒருவர் கூறினார்: “நல்ல வேளைங்க. அந்தக் காட்டோரத்துல பன்னிக்குச் சுருக்கு வச்சிருக்காங்க. எங்க வீட்டு நாயி அதுல மாட்டித்தான் செத்துப்போச்சு.”

மணியைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு அவ்விடஞ் சென்று பார்த்தோம். புல்லோடு புல்லாகக் கம்பி வளையமொன்று, மணியின் கழுத்துக்குச் சரியான உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்ட நிர்வாகத்துக்கு அப்பொழுதே தகவல் சொல்லியனுப்பினோம்.

2020 மே மாதம் நல்லதண்ணிக்கு அருகே, லக்ஷபான தோட்டத்தில், அரியதொரு கருஞ்சிறுத்தை அகப்பட்டதும் சுருக்கொன்றிலேதான். வனஜீவராசிகள் அதிகாரிகள் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் அது பிழைக்கவில்லை. பன்றிக்கென வைக்கும் கம்பி, கழுத்தைப் பார்த்து இறுகுவதில்லை. மறுபுறம், கட்டின்றித் திரியும் நாய்களே இரவிற் சிறுத்தையை லயத்துக்கு அருகே ஈர்க்கின்றன. அங்கே குழந்தைகள் உறங்குகின்றனர். ஆகவே நாயை இரவில் உள்ளே வைத்திருத்தல் நாய்க்கு மாத்திரமன்றி, லயத்தார்க்கும் சிறுத்தைக்கும் செய்யும் உதவியாகும்.

நுவரெலியாவை அடைந்ததும் கிறகறி வாவிக்கரையில் மணி கயிற்றுடன் நடந்து மகிழ்ந்தது. மறுநாள் ஹோட்டன் சமவெளிக்கு நாம் சென்றபோது அதனை நண்பர் வீட்டில் விட்டுச் சென்றோம். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அங்கே நாய்களைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. பேக்கரின் பெயர் இன்றும் அங்குள்ள நீர்வீழ்ச்சியொன்றுக்கு நிலைத்திருக்கிறது. ஆயினும் நாய்களின் குரைப்பொலி இல்லை. மரைகள் பாதையோரத்திலேயே அமைதியாக மேய்கின்றன. அந்த விதி நியாயமானதே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இளநாயுடன் மலைநாடு வர விரும்பும் குடும்பத்தினர் கம்பளியும் குடையும் எடுத்துவைக்குமுன், ‘வா’ என்னும் ஒற்றைச் சொல்லைத் தம் நாய்க்குக் கற்பிப்பார்களாக. ஓரெழுத்துச் சொல்தான், ஆயினும் ஓர் உயிரைக் காக்க அது போதும்.