ஒரிஜினல் மாதிரியே!

பேப்பரில் முதல் பக்கத்தைத் தாண்டிவிடுவது என் வழக்கம். அங்கே இருப்பவர்கள் பெரிய மனிதர்கள். நமக்கான சமாசாரம் ஏழாம் பக்கத்து மூலையில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே நாலே வரியில் கிடக்கும். அந்த மாதிரித் துணுக்குகளைக் கத்தரித்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு வைக்கிற வியாதி எனக்கு உண்டு. "வீட்டுக்கு ஒரு குப்பைத் தொட்டி போதாதா?" என்பாள் மனைவி.

ஒரு நாள் கவரைக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்குமேல் 'போலி' என்றுதான் ஆரம்பித்தன. போலி டாக்டர், போலி சாமியார் எல்லாம் பழைய சரக்கு. இப்போது ஆபீஸையே போலியாகத் திறந்துவிடுகிறார்கள்!

நம்ம பண்ருட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் அங்கே ஸ்டேட் பாங்க் பெயரில் ஒரு போலிக் கிளை பிடிபட்டது. முக்கியப் புள்ளிக்கு வயது 19. பாங்க் ஊழியர்களாக இருந்த தம்பதியின் பிள்ளை. ரப்பர் ஸ்டாம்ப், சலான் எல்லாம் தயார். 'ஊரில் இருப்பது ரெண்டு கிளைதானே, மூணாவது எப்ப வந்தது?' என்று ஒரு வாடிக்கையாளர் நிஜ மேனேஜரிடம் கேட்கப்போய்க் குட்டு உடைந்தது. யாரும் பணத்தைப் பறிகொடுக்கவில்லை என்று போலீஸே சொன்னது. அடியேன் பி.காம். பாங்க் பரீட்சையை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் கோட்டை விட்டவன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை சார், பொறாமைதான் வந்தது.

2024 செப்டம்பரில் சத்தீஸ்கரில், சபோரா என்ற கிராமத்தில் இதே கூத்து. பத்து நாள்தான் நடந்தது. அதற்குள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுத்து ஆட்களையே வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் லஞ்சம் கொடுத்திருந்தார்கள். லஞ்சம் கேட்டதால்தான் நிஜ வேலை என்று நம்பினார்களோ என்னவோ!

குஜராத் மோர்பியில் போலி டோல்கேட். மூடிக்கிடந்த டைல்ஸ் தொழிற்சாலை வழியாக வண்டிகளைத் திருப்பிவிட்டு, நிஜ டோலில் பாதி வசூல். 2023 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வரும்வரை ஒன்றரை வருஷம் ஓடியது. பாதிக் கட்டணம் என்றால் யார் சார் புகார் கொடுப்பார்கள்? பீகார் பாங்காவில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குள் போலீஸ் ஸ்டேஷனே எட்டு மாசம் நடந்தது. 2022 ஆகஸ்டில், இடுப்பில் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறதே என்று நிஜ போலீஸ் ஒருவர் கவனித்ததால் மாட்டினார்கள். காந்திநகரில் போலி கோர்ட், 2024 அக்டோபர். காஸியாபாத்தில் போலித் தூதரகம், 2025 ஜூலை. எந்த நாட்டுக்கு என்கிறீர்களா? எந்த அரசாங்கமும் நாடு என்றே ஏற்காத நாட்டுக்கு!

இதையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தவன்தான் நான், ஒரு ராத்திரி ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும் வரை.

"டேய், அப்பாவை அரெஸ்ட் பண்ணிட்டாங்கடா!"

"ஐயோ, எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க?"

"நம்ம வீட்டு மாடி ரூம்லதான்."

அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். வயது 71. அவர் பெயரில் போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம். போனில் வீடியோவைப் போட்டு காக்கிச் சட்டை ஒருத்தன் காலையிலிருந்து உட்கார்த்தி வைத்திருக்கிறான். மத்தியானம் அம்மா கதவைத் தட்டினால், "தட்டாதே, நான் கஸ்டடியில இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில். இரவில் அவர் சாப்பிட பத்து நிமிஷம் பர்மிஷன் கிடைத்தபோதுதான் அம்மா திருட்டுத்தனமாக எனக்குப் போன் செய்தாள்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் ரேடியோவில் சொன்னார். அப்பா அதைக் கேட்டவர்தான். கேட்டு என்ன பிரயோஜனம்!

போனை அணைத்துப் பீரோவுக்குள் வைக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். விடிகாலை போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வி, "பணம்?" போகவில்லை. சட்டைப்பையில் போனை ஆன் செய்தபடியே அப்பா பாங்க்குக்குப் போய், நாலு லட்சம் டெபாசிட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறார். கவுன்டர்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சிஸ்டம் டவுன். நாளைக்கு வாங்க" என்றாராம். என்னை எத்தனையோ தடவை விரட்டிய வாசகம். அன்றைக்கு அந்தக் கவுன்டர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

1930க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தோம். அப்பா வாயே திறக்கவில்லை. "2024ல லூதியானா மில் முதலாளி ஒருத்தர்கிட்ட வீடியோவுல சுப்ரீம் கோர்ட்டே நடத்தி ஏழு கோடி அடிச்சாங்கப்பா. நீங்க தேவலை" என்றேன். சிரிக்கவில்லை.

"தினம் பேப்பர்ல வருதே, எப்படிப்பா நம்பினீங்க?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல மிரட்டினான். அப்புறம் வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான்டா. எந்தெந்த ஊர்ல வேலை பார்த்தீங்கன்னு கேட்டான். முப்பத்திநாலு வருஷ சர்வீஸையும் சொன்னேன். நடுவுல குறுக்க பேசாம கேட்டான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மாசம் முழுக்க நான் அப்பாவோடு பேசியது பதினோரு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் கேஸ் சிலிண்டர் பற்றி. அந்தப் பக்கம் ஒரே நாளில் பத்து மணி நேரம். பி.காம். படித்தவன்தான் சார், எப்படிப் போட்டாலும் டேலி ஆகவில்லை.

இப்போது தினமும் ராத்திரி எட்டரைக்கு ஊருக்குப் போன் போடுகிறேன். முதல் நாள் எடுத்தவுடனே அப்பா, "யாரு?" என்றார்.

"நான்தாம்பா."

"அதுக்கு என்ன ப்ரூஃப்? ப்ளஸ் டூ அக்கவுன்டன்சியில உன் மார்க் என்ன?"

பக்கத்தில் மனைவி. "நூத்தி எண்பத்திரண்டு" என்றேன், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவளிடம் சொல்லிவருகிற கணக்கில்.

"போலி!" என்று வைத்துவிட்டார்.

பால்கனிக்குப் போய் மறுபடி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "நூத்தி பதினாலு" என்றேன்.

"ம். இப்ப சொல்லு, சாப்பிட்டியா?"