விடுபட்ட ஒரு சொல்

எங்கள் ஊர்ச் சத்திரத்தின் பட்டாவைச் சென்ற ஆண்டு இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். அதில் என் தந்தையின் பெயர் இருந்தது. அவர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதைவிட என்னை உறுத்தியது, அந்தப் பெயருடன் இருந்திருக்க வேண்டிய ஒரு சொல் அங்கே இல்லாததுதான்.

1948ல் தாத்தாவும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. சத்திரமும் அதையொட்டிய மூன்று மா நிலமும் அறத்துக்கு விடப்பட்டவை. வழிப்போக்கர் தங்க வேண்டும். கோடையில் நீர்மோர்ப் பந்தல் போட வேண்டும். மிச்சமிருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தர வேண்டும். மூவரும் தர்மகர்த்தாக்கள். பழைய சிட்டா நகலில் மூன்று பெயர்களுக்கும் முன்னால் அந்தச் சொல் இருக்கிறது. 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது, அனுபவத்தில் இருப்பவர் யார் என்று கேட்டிருப்பார்கள். தாத்தாவுக்குப் பின் பொறுப்பேற்றிருந்த அப்பா தன் பெயரைச் சொல்லியிருப்பார். பெயர் ஏறியது, சொல் விடுபட்டது.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். "வாரிசுச் சான்றிதழ் கொண்டுவாங்க சார், உங்க பேருக்கே மாத்திடலாம்" என்றார். புறவழிச்சாலை வந்தபின் அந்தப் பக்கத்து மனைகள் என்ன விலை போகின்றன என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு நான் மனக்கணக்குப் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தர்மகர்த்தாவிடம் இருப்பது பெயரளவிலான உடைமை. அவர் இறந்தால் அது வாரிசுக்குச் சொந்தமாகிவிடாது. அடுத்த தர்மகர்த்தாவிடம் செல்ல வேண்டும். எப்படிச் செல்வது என்பது பழைய சிக்கல். இங்கிலாந்தில் சிறு கிறிஸ்தவ சபைகள், தர்மகர்த்தாக்கள் மறையும்போதெல்லாம் புதியவர்கள் பெயருக்குச் செலவு செய்து மாற்றுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தன. இரயில்பாதை ஒப்பந்தக்காரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மார்ட்டன் பீட்டோவின் முயற்சியால் 1850ல் வந்த சட்டம், முறைப்படி நியமனம் நடந்தாலே சொத்து புதியவர்களைச் சேரும் என்றது. நம்முடைய 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 75ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பொது அறங்களுக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதன் கொள்கைகளை நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்வதுண்டு. ஆக, சட்டத்தின் கண்ணில் சொத்து தானே நகர்ந்துவிடுகிறது. பதிவேடு மட்டும், யாராவது போய்ச் சொல்லும்வரை, இறந்தவர்களையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்பா சொல்லாமலும் இல்லை. தம் காலத்து நியமனத்தை 1991ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவே செய்திருக்கிறார். ஆனால் பத்திரத்தில் சொத்து விவரம் சேர்க்கவில்லை. அதனால் அது அசையாச் சொத்துக்குரிய 1ஆம் புத்தகத்தில் ஏறாமல், இதர ஆவணங்களுக்கான 4ஆம் புத்தகத்துக்குப் போய்விட்டது. வில்லங்கச் சான்றிதழ் 1ஆம் புத்தகத்தைத்தான் பார்க்கும்; 4ஆம் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர வேறெவருக்கும் கிடைக்காது. பதிவு செய்தும் ஒளிந்துகொண்ட ஆவணம்! ஒரு புல எண்ணை எழுத மறந்ததன் விலை.

இப்போதைய தர்மகர்த்தாக்கள் மூவர்: நான், தாத்தாவின் நண்பர் ஒருவருடைய பேத்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இறப்புச் சான்றிதழ்களையும் தீர்மானப் புத்தகத்தின் பக்கங்களையும் திரட்டி, புல எண், பரப்பு, நான்கெல்லையுடன் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். இம்முறை 1ஆம் புத்தகத்தில்தான் பதிவானது. பட்டாவை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றக் கோரி மனுவும் தந்தோம்.

பட்டாவில் அப்பாவின் பெயர் இருப்பதால், ஆட்சேபம் இல்லையென்று அவருடைய வாரிசுகள் அனைவரும் எழுதித்தர வேண்டும் என்றார்கள். தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அது நம்ம நிலம்னுதானே அண்ணா நெனச்சுட்டிருந்தேன்" என்றாள். அவளுடைய மகளின் படிப்புக்கு அவர்கள் வாங்கியிருந்த கடன் எனக்கு நினைவுக்கு வந்தது. வற்புறுத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே பேருந்தேறி வந்தாள். கையெழுத்துப் போடுமுன் 1948ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, முத்திரைத்தாளின் கிழிந்த ஓரத்தைப் பிடித்தபடி முழுவதும் படித்தாள். தாத்தாவின் கையெழுத்தை அவள் பார்ப்பது அதுவே முதல்முறை.

மனு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.